விசுவாசம் போய்விட்டால் அந்த அன்பும் போய்விடுமா?

பெருந்துறைப் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் கேள்வி இது: "தேவனுடைய அன்பு என்றைக்கும் மாறாதது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். அப்பாவுக்குக் கிட்னி போய் டயாலிசிஸில் இருந்தார், குடும்பமே உபவாசம் இருந்து ஜெபித்தோம், கடைசியில் இறந்துவிட்டார். அடக்க ஆராதனைக்கு வந்த ஒரு ஊழியர் 'உங்க வீட்ல விசுவாசம் பத்தலை' என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. விசுவாசம் போய்விட்டால் அந்த அன்பும் போய்விடுமா? போகாது என்றால் விசுவாசம்தான் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மா சர்ச்சுக்கு வா என்று அழுகிறார். ஒன்றும் நம்பாமல் போய் உட்கார்ந்து திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுப்பது பொய் இல்லையா?"

தம்பி, முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: போகாது. இரண்டாவதுதான் கனமான கேள்வி. அதைக் கேட்பவர்களும் குறைவு, பிரசங்க மேடையிலிருந்து பதில் சொல்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் அதற்குள் போவதற்கு முன்னால் அந்த ஊழியர் சொன்னதை ஒரு வழி பண்ணிவிடலாம். அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும்வரை வேறு எதைச் சொன்னாலும் உங்களுக்கு ஏறாது.

விசுவாசம் பத்தாததால்தான் ஆள் செத்தார் என்கிற கணக்கு வேதத்துக்கு நன்றாகத் தெரிந்த கணக்குதான். தெரிந்தே அதைத் தள்ளுகிறது. யோபுவின் புத்தகம் 42 அதிகாரம், அதில் பெரும்பகுதி எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் இதே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுவதும் யோபு அவர்களோடு மல்லுக்கட்டுவதுமாகப் போகிறது. கடைசியில் கர்த்தர் கோபப்படுவது யார் மேல் என்று பாருங்கள். தம்மைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட யோபு மேல் இல்லை, தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேர் மேல். ஏன் இந்தக் கஷ்டம் வந்தது என்ற காரணத்தை மட்டும் யோபுவுக்குக் கடைசிவரை யாரும் சொல்வதில்லை, கர்த்தரும் சொல்வதில்லை.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்கிறார். பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனுமில்லை, பெற்றவர்களுமில்லை என்றார். அப்புறம் பவுல். எத்தனையோ பேரைக் குணமாக்கிய மனிதர், தன் உடம்பில் இருந்த முள்ளுக்காக மூன்றுதரம் கெஞ்சியும் அது நீங்கவில்லை. தன் இளம் உடனூழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பாட்டி வைத்தியம்தான் எழுதி அனுப்புகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசியில், கூட ஊழியம் செய்த ஒருவனைப் பற்றி ஒரு வரி வரும், யாரும் அதைப் பிரசங்கிப்பதில்லை: துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன். அவ்வளவுதான், விளக்கம் கிடையாது. விசுவாசக் குறைவுதான் காரணம் என்றால் யாருடைய குறைவு, துரோப்பீமுவுடையதா பவுலுடையதா? உங்கள் வீட்டுக்கு வந்தவர் இதை யோசித்திருந்தால் அன்றைக்கு வாயைத் திறந்திருக்க மாட்டார்.

பெத்தானியா வீட்டையும் பாருங்கள். லாசரு செத்து நாலாவது நாள் இயேசு வருகிறார். மார்த்தாள் ஓடிவந்து, நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான் என்கிறாள். பின்னாலேயே மரியாளும் வந்து அதே வார்த்தையைச் சொல்கிறாள். அக்காவும் தங்கையும் நாலு நாளாக வீட்டுக்குள் அதையே பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அது குற்றச்சாட்டுதான். அதற்காக இயேசு அவர்களைத் திட்டவில்லை, அழுதார்.

சரி, இப்போது அந்த அன்பு மாறாதது என்ற பேச்சுக்கு வருவோம்.

இந்த வசனங்களை நாம் கையாளுகிற விதத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம், அதை பிரேம் போட்டு டி.வி. பக்கத்தில் மாட்டுவோம், காலண்டரிலும் அதே வசனம் ரோஜாப்பூப் படத்தோடு இருக்கும். "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை." நல்ல வசனம். எங்கிருந்து வந்தது? புலம்பல் 3-ஆம் அதிகாரம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோன்காரன் எருசலேமை முற்றுகையிட்டு, ஊருக்குள் பஞ்சம் வந்து, கோயிலை எரித்து, இருந்தவர்களைச் சிறைபிடித்துப் போனபிறகு அந்த இடிபாட்டைப் பார்த்து எழுதிய ஒப்பாரிகள் அவை. இரக்கமுள்ள பெண்கள் தங்கள் பிள்ளைகளையே சமைத்த கதை அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. ஐந்து ஒப்பாரிகளில் நடுவில் இருப்பதற்குள், அதிலும் நடுவில், இந்த வரி வருகிறது. அதற்கப்புறம் மறுபடியும் அழுகைதான். கடைசி வரி, எங்களை ஒரேயடியாக வெறுத்துவிட்டீரோ என்ற கேள்வியோடு நின்றுபோகிறது. புத்தகம் அங்கேயே முடிகிறது, பதில் இல்லை.

அதாவது, எல்லாம் நன்றாக நடந்ததைப் பார்த்துவிட்டு எழுதிய வரி இல்லை அது. அன்பு மாறாதது என்று வேதம் அழுத்திச் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் இப்படி அதற்கு எந்த அத்தாட்சியும் கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான். ஸ்திரீயானவள் தன் பாலகனை மறப்பாளோ, அவர்கள் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று ஏசாயாவில் வருவது, "கர்த்தர் என்னைக் கைவிட்டார்" என்று சீயோன், அதாவது எருசலேம், சொல்வதற்குப் பதிலாகத்தான் வருகிறது. ரோமர் 8 இன்னும் பச்சையாக இருக்கும். கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார் என்று கேட்டுவிட்டு உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் என்று பவுல் பட்டியல் போடுகிறார். இதெல்லாம் வராது என்றா சொல்கிறார்? வரும் என்பது அவருக்கு அனுபவம். பட்டியல் முடிந்த கையோடு 44-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வரி எடுத்துப் போடுகிறார்: உமதுநிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம், அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம். அந்தச் சங்கீதத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். நாங்கள் உம்மை மறக்கவும் இல்லை, துரோகம் செய்யவும் இல்லை, அப்படியிருக்க ஏன் தூங்குகிறீர், எழுந்திரும் என்று கடவுளை உலுக்கும் பாட்டு அது. அதை நடுவில் வைத்துத்தான், மரணமானாலும் ஜீவனானாலும் ஒன்றும் நம்மைப் பிரிக்காது என்று முடிக்கிறார். ரோஜாப்பூக் காலண்டரில் கடைசி வரி மட்டும் வருவதால் வந்த வினைதான் இவ்வளவும்.

1 கொரிந்தியர் 13-க்கும் இதே கதிதான். கல்யாணப் பத்திரிகையில் போட்டுப் போட்டு அது ஏதோ மாப்பிள்ளை பொண்ணுக்கு எழுதியது மாதிரி ஆகிவிட்டது. பவுல் எழுதியது கோஷ்டி கட்டிக்கொண்டு சண்டை போட்ட சபைக்கு. வசதியானவர்கள் முன்னாடியே வந்து சாப்பிட்டு முடிக்க, வேலை முடிந்து வரும் ஏழைகள் பசியோடு நிற்க, ஒருவர் மேல் ஒருவர் கோர்ட்டில் வழக்கு வேறு. அவர்களிடம்தான் அன்பு ஒருக்காலும் ஒழியாது என்றார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அன்பு எப்படியும் போகாது என்றால் விசுவாசம் எதற்கு?

இதில் முன்னால் வருவது எது, பின்னால் வருவது எது என்று பார்க்க வேண்டும். யாத்திராகமத்தில் கர்த்தர் முதலில் ஜனங்களை எகிப்திலிருந்து கூட்டிவந்துவிடுகிறார், பத்துக் கட்டளை அப்புறம்தான் வருகிறது. கட்டளைகளின் தலைப்பே உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து கொண்டுவந்த கர்த்தர் நானே என்பதுதான். உபாகமம் 7-இல், நீங்கள் எல்லா ஜனத்திலும் கொஞ்சப்பேர், பெரிய கூட்டம் என்பதால் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, உங்கள்மேல் அன்பு வைத்ததால் தெரிந்துகொண்டேன் என்று வரும். அன்பு வைத்ததற்குக் காரணம் கேட்டால் அன்பு வைத்ததுதான் காரணம் என்கிறது, தர்க்கம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பெற்றவர்களுக்கு இது புரியும். ரோமர் 5-இல் நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று இருப்பதும் அதே வரிசைதான். நம் விசுவாசத்தைப் பார்த்துவிட்டு அந்த அன்பு கிளம்பி வரவில்லை. அப்படியிருக்க, உங்கள் விசுவாசம் குறைந்ததும் அது எப்படித் திரும்பிப் போகும்?

விசுவாசம் அந்த அன்பை உண்டாக்குவதில்லை, இருக்கிற அன்புக்குள் குடியிருக்க வைக்கிறது. கெட்ட குமாரன் கதையில், சொத்தில் பங்கு வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளையவனையே எல்லோரும் பேசுவோம், நான் மூத்தவனைப் பாருங்கள் என்பேன். வீட்டை விட்டுப் போகவே இல்லை, காட்டு வேலை எல்லாம் பார்த்தான், ஆனாலும் இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டி கொடுத்தீரா என்று கணக்குக் கேட்கிறான். மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்கிறார் அப்பா. அவன் பங்கு அவனுக்கு எழுதியாகிவிட்டது. அதை நம்பாததால் சொந்த வீட்டிலேயே பண்ணையாள் மாதிரி வாழ்ந்திருக்கிறான். அன்பு அங்கேயேதான் இருந்தது, நட்டம் முழுக்க அவனுக்குத்தான். அதற்குத்தான் விசுவாசம்.

விசுவாசத்தை மனிதன் தன் பலத்தால் பிடித்துக்கொண்டிருக்கிறானா, இல்லை அவனைக் கடவுள் பிடித்துக்கொண்டிருக்கிறாரா என்பது பழைய சண்டை. நம் ஊர் வைணவத்திலேயே உண்டு: தாயைத் தானே கட்டிப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டி மாதிரி என்று வடகலையும், தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி மாதிரி என்று தென்கலையும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். கிறிஸ்தவத்திலும் அப்படியே. கடைசிவரை நிலைத்திருப்பதே கடவுள் தரும் வரம் என்று 5-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் எழுதினார். கத்தோலிக்கர்கள் 1547-இல் ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கத்தில், கடும் பாவத்தால் அருள்நிலையை ஒருவர் இழக்கலாம், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தால் திரும்பப் பெறலாம் என்றார்கள். புராட்டஸ்டண்டுகளில் கால்வின் வழியினர் 1618-19-இல் ஹாலந்தில் தோர்த் நகரில் கூடி, கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் முழுதாக விழுந்துபோக முடியாது என்றார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரசங்கிமார் வெஸ்லியும் வைட்ஃபீல்டும் இதன்மேல்தான் முட்டிக்கொண்டார்கள், ஆனால் 1770-இல் வைட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தது வெஸ்லிதான், அதையும் சொல்ல வேண்டும். நான் ஈரோட்டில் சிஎஸ்ஐ சபையில் வேதபாடம் நடத்துகிறவன், என் மனம் பூனைக்குட்டிப் பக்கம் சாய்கிறது. ஆனால் இதில் யார் ஜெயித்தார்கள் என்பது இன்றைக்கு உங்களுக்கு முக்கியம் இல்லை. எந்தப் பக்கத்துக்காரரும், நீ கைவிட்டால் கடவுள் உன்னை நேசிப்பதை நிறுத்திவிடுவார் என்று சொல்லவில்லை. இழக்கலாம் என்பவர்கள்கூட மனிதன் விலகிப்போகலாம் என்றுதான் சொன்னார்கள்.

கடுமையான வசனங்களும் இருக்கின்றன, மறைக்க வேண்டாம். நாம் அவரை மறுதலித்தால் அவரும் நம்மை மறுதலிப்பார் என்று 2 தீமோத்தேயு 2:12. அடுத்த வசனமே, "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார், அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்." இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் இயேசுவின் சீஷன் பேதுருவைத்தான் காட்டுவேன். அவரைத் தெரியாது என்று மறுதலித்தான், ஒருதரம் இல்லை, மூன்றுதரம், அதுவும் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே. உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று அன்றைக்குச் சாயங்காலமே இயேசு அவனிடம் சொல்லியிருந்தார். உயிர்த்தெழுந்தபிறகு திபேரியாக் கடற்கரையில் மறுபடி ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். முதலில் சாப்பிட வாருங்கள் என்கிறார், சாப்பிட்டு முடித்தபிறகுதான் நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்றுதரம் கேட்கிறார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

இதெல்லாம் எழுத்தில் இருக்கிற அன்பு, நடப்பில் எங்கே என்று கேட்பீர்கள். நம்ம கொங்கு நாட்டிலேயே இரண்டு இடம் சொல்கிறேன்.

கொல்லிமலை ஏறியிருப்பீர்கள், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. 1913-இல் அந்தச் சாலை கிடையாது, நடக்க வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்க வேண்டும், மலேரியாவுக்குப் பயந்து கீழே இருந்தவர்கள் மேலே தங்கமாட்டார்கள். அந்த வருஷம் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்று புதிதாகக் கல்யாணமான இங்கிலாந்துத் தம்பதி மேலே குடிபோனார்கள். அவர் கொஞ்சம் வைத்தியமும் தச்சு வேலையும் தெரிந்தவர், அந்தம்மா லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் படித்தவர். பல வருஷம் ஒருவர்கூட அவர்கள் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனாலும் அவர் ஊர் ஊராகப் போய் பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து மெதுவாகக் குச்சியில் சுற்றி எடுத்தார், அது தண்ணீரில் பரவாமலிருக்கக் கிணற்றுக்குச் சுவர் கட்டச் சொல்லிக்கொடுத்தார். (உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் அந்தப் புழு ஒழிந்தது என்று சான்று கொடுத்தது 2000-இல்தான்.) முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் பெரிய விஷக்காய்ச்சல் வந்தபோது, அதுவரை அவர்களை எதிர்த்து நின்ற உள்ளூர்ப் பூசாரி ஒருவர் சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை அவர்களிடம்தான் ஒப்படைத்தார். மதம் ஜெயித்த கதையாக இதைச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அப்படிச் சொல்லப் பிடிக்காது. சாகிற ஒரு தகப்பன் தன் பிள்ளையை யாரிடம் விட்டால் பிழைக்கும் என்று சரியாகக் கணித்தார், அவ்வளவுதான், அந்தக் கணிப்புக்குப் பின்னால் அவர் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வருஷங்கள் இருந்தன.

1929-இல் ஜெஸ்ஸி, மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார், 44 வயது. ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பையன். அப்பா இறந்த தந்தி முதலில் வந்துவிட்டது, அதற்கு முன்னால் அப்பா எழுதிப் போட்ட கடிதம் கப்பலில் மெதுவாக வந்து பின்னால் கையில் கிடைத்தது. இந்த மகன்தான் பிறகு வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து விரிய வைத்த டாக்டர் பால் பிராண்ட். அந்தம்மா? இங்கிலாந்து போய்த் திரும்பி வந்தார். 1940-களின் கடைசியில் மிஷன் ஓய்வு கொடுத்தபோது ஊருக்குப் போகாமல் தன் சொந்தப் பொறுப்பில் மறுபடி மலை ஏறினார், இடுப்பு எலும்பு உடைந்தபிறகும் இரண்டு மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டும் மட்டக்குதிரைமேல் உட்கார்ந்தும் ஊர் ஊராகப் போனார். 1974-இல் 95 வயதில் இறந்தார், கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம். கணவனைப் பறிகொடுத்தபிறகு இன்னும் 45 வருஷம். உணர்ச்சிவேகம் ஒரு மழைக்காலம் தாங்கும், இத்தனை வருஷம் தாங்காது.

இன்னொருவர் கதை வேறுமாதிரி. கோவை போகும் வழியில் கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோவில் பார்த்திருப்பீர்கள், அக்டோபர் மாதம் தேர். 1846-இல் அங்கேதான் மரியோன் தெ பிரெசிலாக் என்ற பிரெஞ்சுக்காரர் ஆயராக அபிஷேகம் பெற்றார். உள்ளூர்ப் பிள்ளைகளைக் குருக்களாக்கிச் சபையை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். சாதி வழக்கங்களைச் சபைக்குள் எவ்வளவு தூரம் விடலாம் என்பதில் கூட இருந்தவர்களோடு ஒத்துப்போகாமல், மனசாட்சி கேட்காமல், 1855-இல் பொறுப்பை விட்டுப் போனார். தோற்றுப்போன ஆள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றியிருக்கும். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்காக ஒரு மிஷன் சபை ஆரம்பித்தார், 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் போய் இறங்கினார், ஆறு வாரத்தில் மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனார், கூட வந்தவர்களும் ஏறக்குறைய எல்லோரும். அந்தச் சபை இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறது. அவர் எந்தப் பலனையும் கண்ணால் பார்க்கவில்லை.

அவரை விரட்டிய அந்தச் சாதிக் கேள்வி இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கிற சபைகள் உண்டு. தேவ அன்பு மாறாதது என்று பாடிவிட்டுப் பிணத்தை எந்தப் பக்கம் புதைப்பது என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்துத்தான் நிறையப் பேர் விசுவாசத்தை இழக்கிறார்கள், நான் பார்த்தவரை தத்துவம் படித்து இழப்பவர்கள் கொஞ்சம்தான்.

அடுத்து, விசுவாசம் போய்விட்டது என்கிறீர்கள். எனக்கு அது சந்தேகம். ஒன்றுமே இல்லாதவர் இத்தனை கோபத்தோடு கேள்வி கேட்டு எழுதமாட்டார். ஜெபிக்க முடியவில்லை என்பது வேறு, விசுவாசம் இல்லை என்பது வேறு. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது உலகமே அதிர்ந்தது: கொல்கத்தாவில் சபை தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய 50 வருஷம் அவருக்குக் கடவுள் இருக்கிற உணர்வே இல்லை, உள்ளே முழு இருட்டு. அதோடேதான் தினமும் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார். பிசாசு பிடித்த பையனின் அப்பா இயேசுவிடம் சொன்னதும் அதே ரகம்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசம், பாதி இல்லை, பையன் குணமானான்.

ஜெபம் வராவிட்டால் சொந்தமாக வார்த்தை தேடாதீர்கள். 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், கர்த்தாவே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆரம்பிக்கும். அதுவும் அதிகம் என்று தோன்றினால் 88. அது ஆறுதல் இல்லாமலே முடிகிற சங்கீதம், கடைசியில் ஒரு துதிகூடக் கிடையாது, அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

அம்மா கூப்பிட்டால் போங்க தம்பி. மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள், இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று இருக்கிறது. படுத்துக் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. சபை என்பது அதற்குத்தான், உங்களால் முடியாத நாளில் மற்றவர்கள் பாடுவார்கள், நீங்கள் வாயைத் திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. திருவிருந்து பற்றிக் கேட்டீர்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் அன்றைக்கு ராத்திரியே ஓடிப்போனார்கள், அது தெரிந்தேதான் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் உயிர்த்தெழுந்தவரை மலைமேல் பார்த்துப் பணிந்த பதினொரு பேரில் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று வரும், சந்தேகப்பட்டவர்களைத் தனியாகப் பிரித்து வீட்டுக்கு அனுப்பவில்லை, எல்லோரையும்தான் உலகமெங்கும் போங்கள் என்றார். மனம் உறுத்தினால் சபைப் போதகரான ஐயரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நல்ல ஐயராக இருந்தால் வா என்பார். ஒரு மாதம் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது, அம்மாவிடம் மட்டும் காரணத்தைச் சொல்லுங்கள், அவருக்கும் கணவர் போயிருக்கிறார், இதே கேள்வி அவருக்குள்ளும் இருக்கலாம்.

அப்புறம், தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் இழுத்தால் அதையும் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து என்னைச் சாக விடும் என்று கேட்டபோது கர்த்தர் உடனே உபதேசம் பண்ணவில்லை. தூங்க விட்டார், தூதனை அனுப்பி தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பாடு. பேச்செல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையிலே. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், மனநல டாக்டரைப் பாருங்கள், லீவு கிடைக்காவிட்டால் சூப்பர்வைசரிடம் உடம்பு சரியில்லை என்று சொன்னாலே போதும், உண்மையும் அதுதான்.